நரியில போட்ட பழி

போன மாரி முடிய, களபூமிப் பக்கத் தரவையில எங்கட மாமி ஒருவரின் நாலு ஆடுகள் செத்துக் கிடந்தன. ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது: "உது நரியின்ர வேலை." இரண்டு நாள் கழிய, நஞ்சு வைத்த இறைச்சியைப் போடுவம் என்றும் கதை வந்தது.

நாங்கள் போய்ப் பார்த்தோம். நாலில் ஒன்றையும் எதுவும் தின்னவில்லை. பின்னங்கால், வால், காது எல்லாம் கிழிந்து கிடந்தன. நரி இப்படிச் செய்யாது. அது தனியாக அல்லது சோடியாகத் திரிகிற பிராணி. எலி, நண்டு, பழம், செத்த உடல் என்று கிடைப்பதைத் தின்னும். ஆட்டில் கை வைத்தால் பெரும்பாலும் புதிதாய்ப் போட்ட குட்டியைத்தான் தூக்கும், தூக்கினால் தின்னும். சிறுத்தை என்றால் கழுத்தைக் கவ்வி, இரையை மறைவுக்கு இழுத்துப்போகும். கூட்டமாய்த் துரத்தி, ஓடுகிறதையெல்லாம் பின்னால் கடித்து, பசியில்லாமலே விட்டுவிட்டுப் போவது நாய்.

அந்த நாய்கள் வானத்தால் விழவில்லை. வெளிநாட்டுக்குப் போனவர்களின் பூட்டின வளவுகளில்தான் குட்டி போடுகின்றன. பகலில் யாரோ வீட்டு முற்றத்தில் சோறு தின்று படுத்திருக்கிறதும் இரவில் தரவைக்கு வருகிறதில் ஒன்று. "எங்கட நாய் அப்பிடிச் செய்யாது" என்று எல்லாரும் சொல்லீனம். நரிக்குப் பரிந்து பேச ஆரும் இல்லை. (நரிக்கொம்பு வைத்திருந்தால் அதிர்ஷ்டம் என்று அதைக் கொன்ற நாடு இது.)

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், பலரைக் காயப்படுத்திய சிறுத்தையொன்றை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அந்தப் பயத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செத்த சிறுத்தையோடு படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டதற்குப் பயம் காரணமில்லை.

நஞ்சு ஆளைப் பார்த்து வேலை செய்யாது. நரி, காகம், கீரி, வீட்டு நாய் எல்லாம் சாகும். தப்பின நாய்க்கூட்டம் திரும்ப வரும். 2006 முதல் தெருநாயைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கை. அப்படியென்றால் கருத்தடை ஒழுங்காக நடக்கவேணும். சும்மா ஒரு நாள் முகாம் போட்டுப் படம் எடுத்தால் போதாது. வளர்க்கிறவர்கள் இரவில் நாயைக் கட்டவேணும், வெளிநாட்டு உறவுகள் தங்கள் வளவைப் பார்க்க ஒரு ஆளை வைக்கவேணும்.

மாமிக்கு நட்டஈடு தர ஆருமில்லை. மிஞ்சின இரண்டு ஆட்டையும் இப்ப பின்னேரம் அஞ்சு மணிக்கே கொட்டிலுக்குள்ள விட்டுப் படலையைக் கட்டுறா. நஞ்சுக் கதை இன்னும் ஓயவில்லை.