வலது மூளைப் பிள்ளை என்று ஒருவருமில்லை

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த பயிற்சியாளர் திரையில் ஒரு மூளைப் படத்தைப் போட்டார். இடது பாதி சாம்பல் நிறம். உள்ளே எண்கள், சூத்திரங்கள். வலது பாதி வானவில். உள்ளே தூரிகை, வீணை. "உங்க பிள்ளை எந்த மூளைன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க" என்றார். பத்துக் கேள்விகளில் அவரே கண்டுபிடித்தும் கொடுத்தார். என் தங்கை மகள் வலது மூளையாம். கணக்கு வராதாம், வற்புறுத்தக் கூடாதாம். அப்போது அவள் நாலாம் வகுப்பு. இப்போது பத்து முடித்துவிட்டு, "ஃபர்ஸ்ட் குரூப் வேண்டாம் மாமா, எனக்குத்தான் கணக்கு வராதே" என்கிறாள். ஆறு வருஷமாக அந்தப் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒவ்வொருவருக்கும் ஒரு பாதிதான் ஓங்கியிருக்கும் என்கிறார்கள். 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்தார்கள். அப்படி ஓங்கிய பாதி யாருக்கும் தென்படவில்லை.

நோபல் பரிசே கிடைத்த உண்மை என்பார்கள். 1981இல் ரோஜர் ஸ்பெரிக்குக் கிடைத்தது மெய்தான். ஆனால் அவர் சோதித்தவர்கள் கடும் வலிப்பு நோயாளிகள். நோயை அடக்குவதற்காக இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுத்துவிட்டிருந்தார்கள். நம் தலையில் அந்தப் பாலத்தில் ஏறக்குறைய 20 கோடி இழைகள் ஓயாமல் சேதி கடத்துகின்றன. அறுத்த மூளையில் கண்டதை அறுக்காத பிள்ளையின் தலையெழுத்தாக எழுதுவது அநியாயம்.

இசை வலது பக்கமாம். முறையாக இசை பயின்றவர்கள் மெட்டை அடையாளம் காணும்போது இடது பாதி முந்துவதை 1974இலேயே ஒரு சோதனை காட்டிவிட்டது.

மூளையில் இடத்துக்கொரு வேலை இருப்பதை நான் மறுக்கவில்லை. 1861இல் பாரிஸில் பால் புரோகா, 'டான்' என்ற ஓர் ஓசையைத் தவிர வேறு பேச முடியாத நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் திறந்து பார்த்தார். இடது முன்பகுதி சிதைந்திருந்தது. அந்தக் கண்டுபிடிப்பு இன்றும் நிற்கிறது. ஆனால் மூளை, பள்ளிக்கூடப் பாட அட்டவணைப்படி பங்கு போட்டுக்கொள்வதில்லை. 'கணக்கு' என்று ஒரே அறை அதில் கிடையாது.

'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிறோமே, அது பெரும்பாலும் சொல் நினைவு. இடது பக்கம் சாய்ந்தது. இரண்டு குவியல்களில் எது பெரிது என்று சொல்வது வேறு வேலை. அதற்கு இரு பக்க உச்சிப் பகுதிகளும் உழைக்கின்றன. ஒன்றுக்கு நேரே ஒன்று, பத்துக்கு நேரே பத்து என்று வரிசை பிசகாமல் எழுதிக் கூட்டுவதோ இடம் அறியும் வேலை. அதில் வலது பாதிக்குப் பெரும் பங்கு. அந்தப் பாதியின் பின்பகுதி பக்கவாதத்தில் அடிபட்டவர்களில் சிலருக்கு இடப்பக்கமே கவனத்தில் ஏறாது. 3,452 என்று எழுதிக் காட்டினால் 452 என்று வாசிப்பவர்கள் உண்டு. வாய்ப்பாடு தெரியும், எண்கள் தெரியும், ஆனால் கூட்டல் தப்பும். வலது பாதி கெட்டால் கணக்கே கெடும் என்றால், 'வலது மூளைப் பிள்ளைக்குக் கணக்கு வராது' என்று எந்த வாயால் சொன்னார்கள்?

போன மார்கழியில் அவள் வாசலில் கோலம் போட்டாள். 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8இல் முடியும். மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். கோலமாவுக் கையோடு நிமிர்ந்து, எண்ணாமலேயே "நூத்தி அறுபத்தொம்போது" என்றாள்.

"எப்படிடா?"

"மேல எழுபத்தேழு, கீழ எழுபத்தேழு, நடுவுல பதினஞ்சு மாமா."