வேகம் விரலிலா இருக்கு?

பாலிடெக்னிக் மலரிலே பியானோவா என்று சிரிக்காதீர்கள் தோழர்களே! நம்மில் பலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் விரல் தேய்ந்தவர்கள்தானே? சீனியர் தேர்வில் நிமிடத்துக்கு 45 வார்த்தை. வார்த்தைக்கு ஐந்து தட்டு என்றால் வினாடிக்கு நாலுகூட இல்லை, அதுவும் இரண்டு கையும் சேர்த்து. 1833-இல் அச்சான ஷோப்பினின் ஓபஸ் 10 முதல் எட்யூடில் மெட்ரோநோம் குறி 176. டிக்குக்கு நாலு ஸ்வரம். வினாடிக்குப் பதினொன்றுக்கும் மேலே, வலது கை மட்டும்! எல்லாம் ஆர்பெஜியோ. அதாவது, ஒரு கார்டின் ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவது.

இதற்கு எல்லோரும் சொல்கிற ஒரே வைத்தியம்: "மெதுவா ஆரம்பி, மெட்ரோநோமைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து." நானும் ஆறு மாதம் ஏற்றினேன். சாதாரண ஸி மேஜர் ஆர்பெஜியோதான், அதே கணக்கில் 88-ஐத் தாண்டவில்லை. "இன்னும் நூறு தடவை வாசி, தானா வரும்" என்றார்கள். வந்தது வலி! மெஷின் டிராயிங் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் பென்சில் பிடிக்க முடியவில்லை.

என் கட்சி இதுதான்: மெதுவான அசைவை விரட்டினால் வேகமான அசைவு ஆகிவிடாது. நடையும் ஓட்டமும் ஒன்றா? ஓட்டத்தில் இரண்டு காலும் தரையை விடுகிறதே! மெதுவாக வாசிக்கையில் ஸி, ஈ, ஜி முடிந்ததும் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நிதானமாக நுழைந்து அடுத்த ஸி-யைத் தொடும். வேகத்தில் அதற்கு நேரமேது? முன்கையே பக்கவாட்டில் நகர்ந்து கட்டைவிரலைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். நூறு தடவையும் நான் பழகியது வேகத்துக்கு உதவாத அசைவை.

இன்னொன்று, மெக்கானிக்கல்காரனுக்கு உடனே புரியும். பியானோ கீ இறங்குவது சுமார் 10 மில்லிமீட்டர். அது அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் விடுபட்டுத் தானாகப் பறந்து கம்பியைத் தட்டிவிடும். அப்புறம் எவ்வளவு அமுக்கினாலும் ஓசை கூடாது, கைதான் இறுகும். நானோ ஃபிட்டிங் ஷாப்பில் வைஸை முறுக்குகிற மாதிரி ஒவ்வொரு கீயையும் நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

மாற்றினேன். மூன்று ஸ்வரத்தையும் கார்டாக ஒரே அழுத்து, கையைத் தூக்கி அடுத்த ஆக்டேவில் அதே கார்டு. பிறகு நாலே நாலு ஸ்வரம், முழு வேகத்தில். நிறுத்தி, கையைத் தொங்கவிட்டு, மறுபடி. சுத்தமாக வந்தால் ஐந்தாவது. மெதுவாக வாசிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று மனசில் பதிய அது வேணும்.

இப்போது 120 வருகிறது. 176 எட்டாக்கனி. "அஸ்திவாரம் இல்லாம மாடி கட்டறே தம்பி" என்று மாஸ்டர் இன்னமும் தலையை ஆட்டுகிறார். டிராயிங் பென்சில் கையில் நிற்கிறது.