கெட்டிக் காபியா, நல்ல காபியா?

காபி நன்றாக இருக்கிறது என்பதற்கு நம் வீடுகளில் ஒரே வார்த்தைதான்: "கெட்டியா இருக்கு!" அந்தக் கெட்டி எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பழகினால் பணமும் மிச்சம், உடம்புக்கும் நல்லது, சகோதரிகளே.

எங்கள் எக்கியார்குப்பத்தில் பக்கத்து வீட்டுப் பெண் மரக்காணம் உப்பளத்துக்கு விடியுமுன் கிளம்புகிறவள். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான். "கறுப்பா, கெட்டியா இருந்தாத்தானேக்கா உடம்புக்குத் தெம்பு?" என்றாள். அவள் சில்லறையாக வாங்கிய பொடியையே எடுத்து வரச் சொன்னேன்.

கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, பொடியை மேலே தூவினோம். காபித்தூள் மிதக்கும்; சிக்கரி பழுப்புக் கோடு விட்டபடி அடியில் இறங்கும். சற்று நேரத்தில் தண்ணீரே பழுப்பாகிவிட்டது. "இன்னாக்கா இது, இம்மாஞ் சிக்கரியா!" என்று வாயில் கை வைத்தாள்.

சிக்கரி ஒரு கிழங்கு வேர். வறுத்து அரைத்தால் நிறமும், கெட்டியும், லேசான இனிப்புக் கசப்பும் தரும். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதில் காபியின் கஃபீன் கிடையாது. காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அளவைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். 60:40 என்றிருந்தால் 250 கிராமில் காபி 150 கிராம்தான். விலையை அந்த 150 கிராமுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

காபிக்கொட்டையின் சொந்தக் கனம் வேறு. பால் சேர்க்குமுன் டிகாக்ஷனில் சிறிது வெந்நீர் கலந்து, ஒரு வாய் நாக்கில் நிறுத்துங்கள். தண்ணீராய் ஓடுகிறதா, பாலைப்போல் வழவழவென்று நிற்கிறதா? கொட்டையின் எண்ணெயும் நுண்துகளும் தருவதே அந்த வழவழப்பு. நம் பித்தளை, எவர்சில்வர் பில்டர்கள் அவற்றை இறங்க விடும். காகித வடிகட்டி பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பால் தன் கனத்தால் எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால்தான் முதலில் வெறும் டிகாக்ஷன்.

அராபிகா வாசனைக்கு, கனம் சற்று மென்மை. ரொபஸ்டா கனத்துக்கும் கசப்புக்கும். கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பீபெரி தனி ஜாதியல்ல, பழத்தில் இரண்டுக்குப் பதில் ஒற்றையாய் உருண்டு விளைந்த கொட்டை. ஒவ்வொன்றிலும் 50 கிராம் வாங்கி ருசி பார்த்து, பிறகு கலவையை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. சாப்பாட்டோடு காபி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகள் ரொபஸ்டாவைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டுக்காரியிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "காபி பசியை மறைக்கும், வயித்தை நிரப்பாது. தெம்பு வேணும்னா முதல்ல கஞ்சியக் குடி, காபி அப்புறம்." இப்போது தூக்குச்சட்டியில் கஞ்சியும் போகிறது!