பனிக்கட்டிப் புயலில் பக்கத்து வீடு

பனி என்றதும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மார்கழி மாதத்து விடியற்காலைதான் நினைவுக்கு வரும். புல் நுனியில் நீர்த்துளி; தலையில் ஒரு துண்டு; கையில் சூடாக ஒரு டம்ளர் காப்பி. வெயில் ஏறினால் பனி போன இடம் தெரியாது. அந்தப் பனி மரத்தை முறிக்கும், இரும்புக் கோபுரத்தைச் சாய்க்கும், மனிதரைக் கொல்லும் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். கனடா தேசத்துக் கிராமவாசிகளைக் கேட்டால் தெரியும். 1998-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவர்கள் பட்ட பாடு அப்படிப்பட்டது.

அந்தக் கஷ்டத்திலிருந்து அவர்கள் பெரும்பாலோர் உயிரோடு மீண்டது எப்படி? ராணுவம் வந்தது, சர்க்கார் வந்தது. ஆனால் அவர்கள் வந்து சேருமுன் கதவைத் தட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். அதைப் பற்றித்தான் சற்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விழுந்த இடத்தில் உறையும் மழை

அந்த வருஷம் ஜனவரி 5-ந் தேதி கனடாவின் கியூபெக், ஒண்டாரியோ மாகாணங்களில் மழை பிடித்துக் கொண்டது. எல்லைக்கு இப்பால் அமெரிக்காவின் நியூயார்க், வெர்மாண்ட், நியூ ஹாம்ஷயர், மெயின் மாநிலங்களையும் அது விடவில்லை. அது சாதாரண மழையல்ல, உறைமழை. ஆகாயத்தில் வெதுவெதுப்பான காற்று ஒரு படலமாக நிற்கும். அதற்குக் கீழே, தரையை ஒட்டிக் கடுங்குளிர்க் காற்று தேங்கியிருக்கும். மேலே நீராக இருக்கும் துளி கீழே வரும்போது உறையத் தயாராகிவிடும். ஆனாலும் நீராகவே விழும். எதன் மேல் படுகிறதோ, அதன் மேல் அந்தக் கணமே கண்ணாடி போல் உறைந்துவிடும்.

ஆறு நாட்கள் விட்டு விட்டு இப்படிப் பெய்தது. சேர்த்துப் பார்த்தால் 80 மணி நேரத்துக்கும் மேல். அந்தப் பக்கத்தில் வழக்கமாக ஒரு வருஷம் முழுவதும் எத்தனை மணி நேரம் உறைமழை பெய்யுமோ, அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! மின்சாரக் கம்பிகள் கை பருமனுக்குப் பனிக்கட்டி சுமந்தன. பாரம் தாங்காமல் கம்பி அறுந்தது, கம்பம் முறிந்தது. உயர் அழுத்த மின்சாரம் கொண்டு செல்லும் இரும்புக் கோபுரங்கள் வரிசையாக மடிந்து விழுந்தன. சாய்ந்த மரக் கம்பங்கள் மாத்திரம் சுமார் 30,000. சர்க்கரைப் பாகு தரும் மேப்பிள் மரங்கள் கிளை கிளையாக முறிந்தன.

கியூபெக் மாகாண ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் இருட்டில் தள்ளப்பட்டார்கள். மாண்ட்ரீல் நகரத்துக்குத் தென்கிழக்கே செயின்ட் யாசின்த், செயின்ட் ழான், கிரான்பி என்ற மூன்று ஊர்களுக்கு நடுவே உள்ள பிரதேசத்துக்கு அப்போது "கறுப்பு முக்கோணம்" என்றே பெயர் வந்துவிட்டது. அங்கே சில வீடுகளில் மறுபடி விளக்கு எரிய ஒரு மாதம் ஆயிற்று.

ஒற்றைக் கம்பியில் தொங்கிய வீடு

மின்சாரம் இல்லையென்றால் என்ன, ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக் கொண்டால் போகிறது என்று தோன்றலாம். கனடாக் கிராமத்து வீட்டில் விஷயம் அவ்வளவு லேசானதல்ல. கியூபெக்கில் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மலிவாக மின்சாரம் கிடைக்கிறது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் குளிர் காய்வதும் மின்சாரத்தில்தான். எண்ணெய் எரிக்கும் கணப்பு உள்ள வீட்டிலும், சூட்டைப் பரப்பும் விசிறி சுழல மின்சாரம் வேண்டும். கிராமத்தில் தண்ணீர் வருவது சொந்தக் கிணற்றிலிருந்து; அந்த மோட்டார் ஓடவும் மின்சாரம் வேண்டும்.

ஆகக் கம்பி அறுந்த அன்றே விளக்கு, சூடு, தண்ணீர் மூன்றும் போயின. சுவருக்குள் ஓடும் குழாயில் நின்ற தண்ணீர் உறைந்தால் பருத்துக் குழாயை வெடிக்கச் செய்துவிடும். பிறகு பனி இளகும்போது வீடு முழுவதும் வெள்ளம். இதற்கு ஒரே வழி, முன்கூட்டியே குழாய்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவது. வீட்டுக்காரர் வேறிடம் போயிருந்தால் அதைச் செய்வது யார்? அந்த வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்தான்.

பழைய விறகு அடுப்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த வீடுகளுக்குத் திடீரென்று மவுசு வந்தது. "இந்தக் காலத்தில் இது எதற்கு?" என்று கேலி செய்யப்பட்ட அடுப்பைச் சுற்றி இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் என்று கூடினார்கள். கூடத்தில் படுக்கை, ஒரே பாத்திரத்தில் சூப்பு, கிழவர்களும் குழந்தைகளும் அடுப்புக்குப் பக்கத்தில். விறகு கொண்டு வந்தவர் ஒருவர். ரொட்டி கொண்டு வந்தவர் இன்னொருவர். இடம் கொடுத்தவர், வந்தவர் என்ற பேதம் இரண்டு நாளில் மறைந்து போகும்.

மாட்டுக்கு விடுமுறை உண்டா?

மனிதர் கம்பளியைப் போர்த்திக் கொண்டு காத்திருக்கலாம். மாடு காத்திருக்குமா? கறுப்பு முக்கோணமும் ஒண்டாரியோவின் கிழக்குப் பகுதியும் பால் பண்ணைகள் நிறைந்த பூமி. கறவை மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு வேளை கறவை தவறக் கூடாது. தவறினால் மடி கட்டிக் கொள்ளும்; மடிநோய் வந்து மாடே நாசமாகும். ஐம்பது அறுபது மாடுகளைக் கையால் கறப்பது நடக்கிற காரியமா? இயந்திரத்துக்கே பழகிய மாடுகள் அவை. தண்ணீரும் அப்படித்தான். கறவையில் இருக்கும் பெரிய மாடு ஒன்று ஒரு நாளைக்கு நூறு லிட்டர் வரை குடிக்கும்.

இங்கேதான் ஜெனரேட்டர் உயிர் காத்தது. டிராக்டரின் பின்னால் பொருத்தி, அதன் இஞ்சின் சுழற்சியில் மின்சாரம் எடுக்கும் சாதனம் அது. எல்லாப் பண்ணைகளிலும் அது கிடையாது. இருந்தவர்கள் அதை வீட்டுக்குள் பூட்டி வைத்துக் கொள்ளவில்லை. தம் மாடுகளைக் கறந்து, தண்ணீர் இறைத்து முடித்ததும், கண்ணாடியாய் வழுக்கும் ரஸ்தாவில் டிராக்டரை ஓட்டிக் கொண்டு அடுத்த பண்ணைக்குப் போனார்கள். அங்கே முடிந்ததும் அதற்கடுத்த பண்ணை. சுற்று முடிவதற்குள் முதல் பண்ணையில் மறு கறவைக்கு நேரமாகிவிடும். ராத்திரி பகல் என்றில்லாமல் வாரக் கணக்கில் இது நடந்தது.

கறந்த பாலும் பல இடங்களில் விலை போகவில்லை. வண்டி வர வழியில்லை. வந்தாலும் பாலைப் பதப்படுத்தும் ஆலைகளிலும் மின்சாரம் இல்லை. இரண்டு மாகாணங்களிலும் சுமார் 1 கோடி லிட்டர் பாலைக் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. கொட்டப் போகும் பாலுக்காகவா ராத்திரி கண் விழித்து இன்னொருவன் மாட்டைக் கறந்து கொடுத்தார்கள் என்று கேட்கலாம். ஆம். இன்றைய பால் போனால் போகட்டும். மாடு பிழைத்தால் நாளைக்குப் பண்ணை பிழைக்கும். பக்கத்துப் பண்ணை பிழைத்தால்தான் ஊரும் ஊராக இருக்கும்.

விறகு விஷயத்திலும் ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. இதற்கு ஒன்றரை வருஷம் முன்பு, 1996 ஜூலையில், கியூபெக்கின் வடக்கே சாகெனே பிரதேசத்தில் பெருவெள்ளம் வந்தது. மற்றப் பகுதி ஜனங்கள் அப்போது உதவி செய்தார்கள். 1998-ல் பனிக்கட்டி விழுந்தபோது, சாகெனே ஜனங்கள் தெற்கே விறகு அனுப்பினார்கள். பக்கத்து வீடு என்பது சில சமயம் நூற்றுக்கணக்கான மைல் தூரத்திலும் இருக்கலாம் போலும்!

கதவைத் தட்டாத வீடு

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. கனடாவில் மாத்திரம் 25 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். குளிரில் விறைத்து இறந்தவர்கள் உண்டு. நச்சு வாயுவால் இறந்தவர்களும் உண்டு. ஜெனரேட்டரை வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் ஓட்டுவது, கரி அடுப்பை அறைக்குள் மூட்டிக் கதவைச் சாத்திக் கொள்வது, இவற்றால் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலை வலிக்கும்; தூக்கம் வரும்; அந்தத் தூக்கம் கலையாது. இப்படி நேராமல் தடுப்பதற்கு வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வந்து பார்த்தால் போதும். "ஜன்னலைத் திற, இதை வெளியே கொண்டு போ" என்று சொல்ல ஒரு வாய் போதும்.

முதியவர்கள் பலர் வீட்டை விட்டு வர மறுத்தார்கள். பூனையை விட்டு வர மனமில்லை. பிறர் வீட்டில் பாரமாக இருக்க மனமில்லை. எத்தனையோ குளிரைப் பார்த்தாயிற்று, இது என்ன பெரிசு என்ற துணிச்சல் வேறு. போலீஸாரும் சிப்பாய்களும் வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. சீருடைக்காரர் கூப்பிட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று பதில் வரும். நாற்பது வருஷம் பழகிய பக்கத்து வீட்டம்மாள், "தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, எனக்குத் துணையாக வாருங்களேன்" என்று கூப்பிட்டால் பதில் வேறாக இருக்கும். உதவி செய்வது ஒரு கலை என்றால், பெற்றுக் கொள்கிறவரின் மானம் கெடாமல் செய்வது அதைவிடப் பெரிய கலை.

பழைய வழக்கம்

இந்தப் பண்பு புயலோடு புதிதாகப் பிறந்ததல்ல. கியூபெக் கிராமங்களில் "கொர்வே" என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கொட்டகை எரிந்து போனால் ஊரே கூடி மறுபடி கட்டிக் கொடுக்கும். ஒருவர் படுத்துவிட்டால் அவருக்கு வேண்டிய விறகை மற்றவர்கள் வெட்டிக் கொடுப்பார்கள். கூலி கிடையாது. சாப்பாடு உண்டு. இன்று உனக்கு, நாளை எனக்கு.

மின்சாரமே அந்தக் கிராமங்கள் பலவற்றுக்கு இந்த வழியில்தான் வந்தது. லாபம் இல்லையென்று கம்பெனிகள் கம்பி இழுக்க மறுத்த காலத்தில், விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். 1945-ல் கியூபெக் சர்க்கார் கிராம மின்சாரச் சட்டம் கொண்டு வந்து அந்தச் சங்கங்களுக்குக் கடன் கொடுத்தது. 1963-ல் மாகாண மின்சார ஸ்தாபனம் அவற்றை விலைக்கு வாங்கிக் கொண்டது. செயின்ட் ழான் பாப்டிஸ்ட் என்ற ஊர்ச் சங்கம் மாத்திரம் விற்க மறுத்துத் தனியாக நின்றது. ஆகப் பக்கத்து வீட்டார் கூடிக் கொண்டு வந்த கம்பி அது. கம்பி வந்ததும் பக்கத்து வீடு தேவையில்லை என்ற எண்ணமும் மெல்ல வந்தது. பனிக்கட்டி விழுந்து கம்பி அறுந்தபோது பழைய தேவை திரும்பி வந்தது.

புயலுக்கு முன்பே

சுமார் 16,000 சிப்பாய்கள் அந்த ஜனவரியில் உதவிக்கு இறங்கினார்கள். சர்க்கார் விசாரணைக் கமிஷன் வைத்தது. 2001-ல் கியூபெக்கில் ஜனங்களின் பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றப்பட்டது. இவையெல்லாம் அவசியமே. பக்கத்து வீட்டார் பார்த்துக் கொள்வார்கள் என்று சர்க்கார் கை கழுவ முடியாது. கோபுரத்தை நிமிர்த்தவும், கம்பியை இழுக்கவும் பக்கத்து வீட்டாரால் ஆகுமா?

ஆனால் சட்டம் வந்த பிறகும் பனிக்கட்டி விழாமல் இல்லை. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி மறுபடி உறைமழை பெய்து, கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அப்போதும் நச்சு வாயு உயிர் வாங்கியது. இதற்குள் கிராமங்களும் மாறிவிட்டன. 1998-ல் இருந்ததைவிடப் பால் பண்ணைகள் வெகுவாகக் குறைந்து, மிஞ்சியவை பெரிதாகிவிட்டன. பண்ணை குறைந்தால் பக்கத்து வீடும் தூரமாகிறது. வசதியுள்ளவர் தமக்கென்று ஒரு ஜெனரேட்டரை வாங்கி வைத்துக் கொள்கிறார். நல்லதுதான். ஆனால் அதை அடுத்த வீட்டுக்கு ஓட்டிக் கொண்டு போகும் பழக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

புயல் வந்த அன்று போய்ப் பழக்கம் செய்து கொள்ள முடியாது. எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யாரிடம் விறகு அடுப்பு உண்டு, யாருக்கு ராத்திரியில் மருந்து வேண்டும் என்பதெல்லாம் வெயில் அடிக்கும் காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். வேலி ஓரத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசியவருக்குத் தெரியும். கதவைச் சாத்திக் கொண்டு வாழ்ந்தவருக்கு எப்படித் தெரியும்? வீண் பேச்சு என்று ஒதுக்கப்படும் அந்த இரண்டு வார்த்தைகளில் எத்தனை உயிர் அடங்கியிருக்கிறது என்பதைக் கியூபெக் கிராமங்கள் 1998-ல் கண்டன.

குளிர்காலம் வருஷா வருஷம் வரும். அதை நிறுத்த யாராலும் ஆகாது. அது வரும்போது தட்டுவதற்கு ஒரு கதவும், தட்டினால் திறக்க ஒரு மனிதரும் இருக்கும்படி பார்த்துக் கொள்வது ஆகிற காரியம். அதற்குச் செலவும் அதிகமில்லை.