கங்காணிக்கு யார் கற்றுக்கொடுப்பது?

தலைமைத்துவப் பயிற்சி என்றதும் கொழும்பு ஹோட்டல் மண்டபமும் கழுத்தில் தொங்கும் பெயரட்டையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஊவாவின் பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும் கங்காணியை அந்த மண்டபத்துக்கு யாரும் அழைப்பதில்லை. ஆனால் கொழுந்தின் தரம் முதலில் அவர் கையில்தான் இருக்கிறது.

அவருக்கு வேண்டியது மண்டபத்து வகுப்பு அல்ல, கோச்சிங். கோச்சிங் வேறு, வகுப்பு வேறு. வகுப்பில் ஒருவர் சொல்ல, பலர் கேட்பார்கள். கோச்சிங்கில் வேலை செய்பவரே தன் வேலையை நிதானமாகப் பார்க்கும்படி இன்னொருவர் கேள்வி கேட்பார். டென்னிஸ் பயிற்றுநர் திமோதி கால்வே 1974இல் எழுதிய நூல் இந்தச் சிந்தனைக்கு வித்திட்டது. 1992இல் வெளிவந்த ஜோன் விட்மோரின் நூல் இதை நிறுவனங்களிடையே பரப்பியது. சாரம் நான்கே கேள்விகள்: எதை அடைய வேண்டும்? இப்போது நிலைமை என்ன? என்னென்ன வழி இருக்கிறது? எதை, எப்போது செய்யப்போகிறீர்கள்?

தோட்டத்தில் இது எப்படி நடக்கும்? ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். கொழுந்து குறையும், வாசனையும் விலையும் கூடும். அந்த நாட்களில் மடுவத்தில் நிறுக்கும்போது முற்றின இலை அதிகமாக வந்துவிட்டது என்று வையுங்கள். வழக்கமாக விழுவது அதட்டல். அதற்குப் பதிலாக, ஆட்கள் கலைந்த பிறகு வெளிக்கள உத்தியோகத்தர் பெண் கங்காணியிடம் தனியாகக் கேட்கிறார்.

“அக்கா, இந்த இலை எந்த நிரையில வந்தது?”

“மேப்பக்கம்ங்க ஐயா. போன தடவ அங்க எடுக்காம விட்டுட்டோம்.”

“ஏன் விடுபட்டது?”

“ஆள் பத்தல. கீழ முடிக்கவே நேரம் போயிருச்சு.”

“அடுத்த முறை என்ன செய்யலாம்?”

“காலையிலயே மேல இருந்து தொடங்கிட்டா சரியா வரும்ங்க.”

அதையே ஐயா சொல்லியிருந்தால் அது இன்னொரு உத்தரவாகப் போயிருக்கும். தானே கண்ட வழி என்பதால் அது பலித்ததா என்று அடுத்த வாரம் அவரே கவனிப்பார். தொழிலில் வளர்வது என்பது இந்தக் கவனிப்புத்தான்.

இந்த முறை தோட்டத்துக்குப் புதிது. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துக் கங்காணி தமிழகத்தில் ஆள் சேர்த்து, கடன் கொடுத்து, அந்தக் கடனின் பிடியில் வேலை வாங்கியவர். கடன் தொகையை எழுதி ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது. அதட்டி வேலை வாங்கும் பழக்கம் அத்தோடு ஒழியவில்லை. கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது. மேற்பார்வைப் பதவிகளோ பெரும்பாலும் ஆண்களிடமே தங்கிவிட்டன. இப்போது கங்காணியாகும் பெண்களுக்கு, தாங்கள் பார்த்து வளர்ந்த அதட்டலைத் தவிர வேறு முன்மாதிரி கிடைப்பது அரிது.

சில விடயங்களில் குழப்பம் வேண்டாம். கோச்சிங் சம்பள உயர்வுக்கு மாற்று அல்ல. அந்தப் பேச்சில் கங்காணி ஒப்புக்கொண்டதை வைத்து எச்சரிக்கைக் கடிதம் எழுதினால், மறுமுறை அவர் வாயே திறக்கமாட்டார். மேல் நிரையில் தொடங்கலாம் என்று அவர் தீர்மானித்ததை மறுநாள் பெரட்டிலேயே மாற்றிவிட்டால், கேட்ட கேள்விகள் எல்லாம் வீண். கங்காணி கணக்கப்பிள்ளையாகவும் பிறகு வெளிக்கள உத்தியோகத்தராகவும் உயர வழி வேண்டும். அந்த வழி அடைபட்டிருந்தால் பயிற்சி வெறும் புகழ்ச்சியாகவே முடியும்.

வசதிகள் இல்லாமலில்லை. 1979இல் தொடங்கிய தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. பதுளையிலேயே 2005இல் உருவான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் வழங்குகிறது. இவை வெளிக்கள உத்தியோகத்தர்களுக்குக் கேள்வி கேட்கும் பழக்கத்தைத் தமிழிலேயே பயிற்றலாம். கம்பனிகள் செய்ய வேண்டியது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரத்தைக் கங்காணியின் வேலை நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு ஒதுக்குவது. வேலை முடிந்து வீட்டில் அடுப்பு மூட்டப் போகும் நேரத்தில் பெண்ணை மறித்து வைத்துக்கொண்டு தலைமைத்துவம் பேசுவதில் பயனில்லை.