எந்த வார்டு என்று கேளுங்கள்



நான் தவறாக வழங்கிய ஓர் அறிவுரையைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு திருப்பலிக்குப் பின் செவிலியராகப் பணியாற்றும் மகள் ஒருத்தி என்னிடம் வந்தாள். "ஃபாதர், இந்த அழைத்தலே எனக்கு இல்லைபோலும்" என்று கண்கலங்கினாள். அவள் பணியாற்றியது முதியோர் வார்டில். பகல் ஷிப்டில் பத்து நோயாளிகளுக்கு அவள் ஒருத்தியே பதிவுபெற்ற செவிலியர். காலை மருந்துகளைக் கொடுத்து முடிப்பதற்குள் மதிய மருந்துக்கு நேரமாகிவிடுமாம். "இதை உன் சிலுவையாக ஏற்றுக்கொள், மகளே" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆறு மாதங்களுக்குப் பின் அவள் அதே மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறினாள். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது அங்குள்ள நெறி. பணி கடினமே, மரணம் அன்றாடம் அருகில் நிற்கும் இடம் அது. ஆயினும் அவள் முகம் தெளிந்திருந்தது. அதே கட்டடம், அதே சீருடை, அதே பாண்ட் 5 ஊதியம். குறை அவளது அழைத்தலில் இல்லை, முந்தைய வார்டின் ஆள்கணக்கில் இருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பகலில் ஒரு செவிலியருக்கு எட்டு நோயாளிகளுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுகிறது என்று 2014-இல் வெளியான தேசிய வழிகாட்டுதலே கூறுகிறது. வேல்ஸ் 2016-இலும் ஸ்காட்லாந்து 2019-இலும் செவிலியர் எண்ணிக்கை குறித்துச் சட்டம் இயற்றின. நாம் வாழும் இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் இன்னும் இல்லை. ஆகவே சுமை வார்டுக்கு வார்டு வேறுபடுகிறது.

விடுதலைப் பயண நூலின் 18-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். காலைமுதல் மாலைவரை தனியே மக்களுக்குத் தீர்ப்பு வழங்கிய மோசேயை அவர் மாமனார் இத்திரோ பாராட்டவில்லை. இது உன்னால் தாங்க இயலாத பளு, பகிர்ந்துகொள் என்றார். நானோ இத்திரோ பேசியிருக்க வேண்டிய இடத்தில் சிலுவையைப் பற்றிப் பேசினேன். அன்பினால் ஏற்பது சிலுவை. நிர்வாகம் ஆள் நியமிக்காததால் விழுவது அநீதி. இரண்டையும் ஒன்றாக்குவது ஆன்மிகம் ஆகாது.

ஆகவே, செவிலிய மக்களே, நேர்காணலுக்குச் செல்லும்போது மருத்துவமனையின் பெயரில் மயங்காதீர்கள். எந்த வார்டு, பகலிலும் இரவிலும் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்று கேளுங்கள். ஆள் குறைந்த நாளில் அதனை எழுத்தில் பதிவு செய்யுங்கள். வார்டு மாறக் கேட்பது தோல்வி அன்று.

பெற்றோரே, "அவள் சமாளிக்கிறாளே, உனக்கு என்ன?" என்று ஒப்பிடாதீர்கள். நோயாளிகளின் உறவினரே, அழைப்புமணிக்குத் தாமதமாக வரும் செவிலியரைக் கடிந்துகொள்ளுமுன், அவர் எத்தனை கட்டில்களைக் கடந்து வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். குறையை நிர்வாகத்திடம் எழுதுங்கள்.

அந்த மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவளைப்போல் மௌனமாக அழுபவர் நம் பங்கில் இன்னும் இருப்பின், என் இல்லக் கதவு திறந்தே இருக்கிறது. இம்முறை முதலில் செவிமடுப்பேன்.

இறையாசீர் உங்களோடு,
உங்கள் பங்குத்தந்தை