கிழக்கெல்லைக்காரர்

முப்பது வருஷங்களுக்கு மேலாக வவுனியா, முருங்கன், மடு என்று மாற்றலாகிய இடமெல்லாம் வாடகை வீடுகளிலேயே காலங்கழித்து, பேசாலையில் இருந்த முதுசக் காணியையும் தங்கைக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்ட நான், என் மனைவியின் வெகுநாளைய ஆசைக்கு இணங்கி, மன்னார்ப் பட்டினத்தில் பன்னிரண்டு பேர்ச் நிலமும் அதன்மேல் ஒரு பழைய ஓட்டு வீடும் வாங்கி, சென்ற புதன்கிழமை உறுதியும் முடித்துவிட்டேன். அந்த விக்கிரயத்தின் போது கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் என் மனத்தை வேறெதிலும் நிலைக்கவொட்டாமல் பற்றிக்கொண்டிருப்பதால், இந்த வாரப் பத்தியை அதற்கே ஒதுக்குகிறேன்.

மன்னார்ப் பட்டினம் பெரிய நகரமன்று. பெரியகடை, சின்னக்கடை, உப்புக்குளம், மூர் வீதி, பள்ளிமுனை என்று பேர்கள் பலவாயினும், காலையில் புறப்படுகிற ஒருவர் வெயில் ஏறுமுன் அத்தனையையும் நடந்தே பார்த்துவிடலாம். அந்தச் சிறிய பரப்புக்குள்தான் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் சைவரும், மீன்பிடிப்போரும் வியாபாரிகளும் உத்தியோகஸ்தரும், தலைமுறை தலைமுறையாக ஒருவர் வேலிக்கு ஒருவர் கதியால் நட்டு வாழ்ந்து வந்திருக்கிறார்கள். ஆகையால் வீடு பார்க்கத் தொடங்கிய முதல் நாளிலேயே தரகர் என்னிடம், “எந்தப் பக்கம் பார்க்கிறது மாஸ்டர், எங்கட ஆக்கள் இருக்கிற பக்கமோ?” என்று கேட்டது அவர் மட்டில் ஒரு தொழிற் கேள்வியேயன்றித் துவேஷமன்று என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்தக் கேள்வி எனக்கு நோவைத் தந்தது. விலையையும் அறைகளையும் கேட்பதற்கு முன்பே இன்னார் பக்கம் என்று பிரித்துக் கேட்கும் வழக்கம் இந்த மண்ணில் எப்படி வந்தது என்பதை, அதற்குக் கொடுத்த விலையை, அறிந்த வயது எனக்கு. “நல்ல தண்ணி உள்ள கிணறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பாருங்கோ” என்று சொன்னேன்.

தண்ணீரைப்பற்றி நான் சொன்னது வெறும் சமாளிப்பன்று. மன்னார்த் தீவில் வீடு வாங்குகிறவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் விட்டுப் பார்க்கவேண்டும். மணலுக்கடியில் மழைநீர் உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய ஆடைபோல் மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் வருஷம் முழுவதும் இனிக்கும், பேராசையோடு இயந்திரம் வைத்து உறிஞ்சினால் கீழேயுள்ள உவர் மேலேறிவிடும். மாரி முடிந்த மாசியில் எந்தக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தோன்றும். சோளகக் காற்று மணலை வாரியடிக்கிற ஆடி மாசத்தில் பார்ப்பதே பார்வை. நான் அவ்வாறே ஆடியில் பார்த்தேன். நாலாவதாகப் பார்த்த வீட்டின் கிணறு வளவின் மூலையில், மூன்று காணிகளும் கூடுகிற இடத்தில் இருந்தது. பழைய உறுதிகளில் ‘பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்’ என்று எழுதுவார்களே, அத்தகைய பங்குக் கிணறு. மூன்று பங்கில் ஒன்று நான் வாங்கக் கருதிய கத்தோலிக்க வீட்டுக்கு, மற்றொன்று வடக்கே உள்ள சைவ வீட்டுக்கு, மூன்றாவது கிழக்கே உள்ள முஸ்லிம் பெரியவர் வீட்டுக்கு. நான் வாளியைக் கையில் எடுத்ததைக் கண்டு, தம் பக்கத்திலிருந்து அந்தப் பெரியவர் எழுந்து வந்தார். “குடிச்சிப் பாருங்க மாஸ்டர். ஆடியிலயும் இந்தத் தண்ணி மாறாது. மூணு வீடும் வாளியாலதான் அள்ளுறது, மோட்டார் வைக்கிறல்ல எண்டு பேச்சு.” அந்தப் பேச்சு எழுத்தில் எங்கும் இல்லை, அவருடைய வாப்பா காலத்திலிருந்து வாயால் வருவது.

விற்கிறவர் தம் தகப்பனார் 1968ஆம் ஆண்டு வாங்கிய உறுதியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். மஞ்சளேறிய தாள், மடிப்புகளில் கிழிந்து, பின்னால் மெல்லிய துணி ஒட்டப்பட்டிருந்தது. நம்முடைய உறுதிகளில் நிலத்தின் நான்கு எல்லைகளும் அயலவரின் பேராலேயே சொல்லப்படுகின்றன என்பதை நான் எத்தனையோ முறை கண்டிருந்தும், அதன் அர்த்தம் அன்றுதான் எனக்குப் புலனாயிற்று. வடக்கே இன்னார் வளவு, கிழக்கே இன்னார் வளவு, தெற்கே ஒழுங்கை என்று எழுதியிருந்ததில், கிழக்கெல்லையில் கண்ட பேர் எனக்குத் தண்ணீர் தந்த பெரியவருடைய தகப்பனார் பேர். 1990ஆம் ஆண்டு விற்கிறவரின் குடும்பம் ஜூன் மாசத்து யுத்தத்தைக் கண்டு கடல் கடந்தபோது, அவருடைய தாயார் அந்தத் தாளைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு இராமேஸ்வரக் கரையில் இறங்கினார். மண்டபம் முகாமின் தகரக் கூரைக்குக் கீழே பல வருஷம் அது அவருடைய தலையணைக்குள் இருந்தது.

அதே வருஷம் ஒக்டோபர் மாசக் கடைசியில், வடமாகாணத்தில் இருந்த முஸ்லிம் ஜனங்கள் அனைவரும் வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் உப்புக்குளமும் சில நாட்களுக்குள் வெறுமையாயின. ஜனங்கள் கரையில் காத்துக்கிடந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளத்து உப்பு வெளிகளின் ஓரத்தில் கிடுகுக் குடிசைகளில் ஒரு தலைமுறையே வளர்ந்து பெரியதாயிற்று. அந்த நாட்களில் தமிழராகிய நம்மிற் பலர் பேசாதிருந்தோம். பயம் ஒரு காரணம்; அதுவே முழுக் காரணம் என்று சொல்ல என் மனச்சாட்சி இடந்தரவில்லை. கிழக்கெல்லைப் பெரியவர் தம் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போனபோது, வீட்டு உறுதி அலுமாரியிலேயே தங்கிவிட்டது. 2010ஆம் ஆண்டு தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறந்த காலத்தில் அவர் திரும்பி வந்து பார்த்தபோது, கூரை இல்லை, கதவு இல்லை, அலுமாரியும் இல்லை. வளவு நிறைய உடைமரம் வளர்ந்திருந்தது. பதிவகத்தில் தேட வேண்டுமானால் இலக்கம் வேண்டும், இலக்கம் இருந்ததோ காணாமற்போன உறுதியில்.

அப்போது அவருக்குக் கைகொடுத்தது எது என்பதை அவரே கிணற்றுக்கட்டில் இருந்து எனக்குச் சொன்னார். மண்டபத்திலிருந்து திரும்பியிருந்த அயல்வீட்டுக்காரர் தம்முடைய உறுதியை எடுத்துக்கொண்டு அவரோடு கச்சேரிக்கும் நொத்தாரிசிடமும் நடந்தார். அதில் கிழக்கெல்லையாக அவர் வாப்பாவின் பேர் இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பழைய நொத்தாரிசின் இலக்கத்தைத் தேடி, இலக்கத்தைக் கொண்டு பதிவேட்டைத் தேடி, ஒன்றரை வருஷ அலைச்சலின் பின் அவர் தம் வளவைத் தம்முடையதென்று ஸ்தாபித்தார். தம்முடைய பேரைத் தாமே காப்பாற்ற முடியாமற்போன இருபது வருஷமும் அதை ஓர் அயலவரின் தலையணை காப்பாற்றி வைத்திருந்தது. எல்லாருக்கும் இது வாய்க்கவில்லை. பத்து வருஷம் தடையின்றி ஆண்டவருக்கு நிலம் உரிமையாகும் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டுச் சட்டம்; உடையவர் அகதியாயிருந்த வருஷங்களையும் அந்தக் கணக்கிலே சேர்ப்பது தர்மமன்று என்று பாராளுமன்றம் ஒரு விசேஷ சட்டம் இயற்றியது 2016ஆம் ஆண்டில்தான். 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கழித்துக் கணக்கிட அது வழி செய்தது. ஆயினும் வழக்கிட அளித்த தவணை இரண்டே வருஷம். புத்தளத்தில் கூலி வேலை செய்கிற ஒரு விதவைக்கு இந்தச் செய்தி போய்ச்சேரவே அத்தனை காலமாகும்.

நம்முடைய வீட்டிலும் சிக்கல் இல்லாமலில்லை. விற்கிறவருக்குத் திருச்சியில் ஒரு சகோதரியும் கனடாவில் ஒரு சகோதரரும் இருந்தார்கள். தேசவழமைப்படி பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் விலை கூறி, அவர்கள் வேண்டாம் என்ற பிறகே பிறருக்கு விற்கலாம். 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அதை உறுதிப்படுத்துகிறது. ஆகவே கனடாவிலிருந்து அற்றோணித் தத்துவம் வர மூன்று மாசம் காத்திருந்தோம். என் மனைவி சலித்துக்கொண்டாள், எனக்குச் சலிப்பில்லை. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில், காணி விற்க நினைப்பவர் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தம் கோயிலில் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றொரு விதி சொல்லப்பட்டிருக்கிறது. நிலம் கைமாறுவது வாங்குகிறவரும் விற்கிறவரும் இரகசியமாக முடிக்கிற காரியமன்று, ஊர் அறிய நடக்கவேண்டிய காரியம் என்று கருதிய அந்த விதியில் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

லண்டனில் நியூஹாம் நகரப்பிரிவைச் சேர்ந்த ஈஸ்ட் ஹாமில் என் மருமகன் ஒருவன் இரண்டு வருஷத்துக்கு முன் வீடு வாங்கினான். ஒரு பக்கம் வங்காளி, மறுபக்கம் போலந்துக்காரர் என்று தொலைபேசியில் சொன்னவனிடம், அவர்களுடைய பேர் என்ன என்று கேட்டேன், தெரியாது என்றான். அவன் அனுப்பிய பத்திரத்தின் பிரதியிலும் அயலவர் எவர் பேரும் இல்லை. ஒரு வரைபடத்தில் அவன் நிலத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. நம் நாட்டிலும் 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டம் நிலத்துண்டுகளுக்கு இலக்கம் இட்டு அந்த வழிக்கே கொண்டுபோகிறது. மோசடி குறையும், வழக்குக் குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இலக்கம் இட்ட துண்டுக்கு அயலவர் வேண்டியதில்லை. தீவுக்கு எதிர்க்கரையிலே, இராசராசபுரம் என்று சோழர் பேர் சூட்டிய மாதோட்டத்தில், இராசராசேச்சரம் என்னும் கோயிலை எழுப்பிய தாழி குமரன் என்பவன் விட்டுச்சென்ற கல்வெட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. கோயிலுக்கு அளித்த நிலத்துக்கு அந்தக் கல்லும் அயல் வீடுகளையும் தோட்டங்களையும் கொண்டே எல்லை சொல்கிறது. ஆயிரம் வருஷமாக இந்தக் கரையில் ஒருவர் நிலம் எது என்பதற்கு அடுத்தவரே சாட்சி.

முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாய்க்கு நூற்றுக்கு மூன்றும் மிகுதிக்கு நான்குமாகக் கட்டி, நொத்தாரிசின் அலுவலகத்தில் புதன்கிழமை காலை எல்லாரும் கூடினோம். இரண்டு சாட்சிகளில் ஒருவராக வந்திருக்கும்படி கிழக்கெல்லைப் பெரியவரைக் கேட்டிருந்தேன். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாய் எனக்கு முன்னரே வந்து வாங்கிலில் இருந்தார். நொத்தாரிசு எல்லைகளை வாசித்துக்கொண்டு வந்து கிழக்கு என்றதும், பழைய பேரை வைப்பதா, இன்றைய உடையவர் பேரை எழுதுவதா என்று நிறுத்தினார்.

“வாப்பாட பேரும் இருக்கட்டும். வளவு இப்ப என்ட மகளுக்கு. அவட பேரையும் சேர்த்து எழுதுங்க” என்றார் பெரியவர். நொத்தாரிசு அவ்வாறே, முன்பு இன்னாருக்கும் இப்போது இன்னாருக்கும் உரியது என்று எழுதினார்.

கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்தபோது பெரியவர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடுதாசியும் பேனாவும் எடுத்து என்னிடம் நீட்டினார். “உங்கட முழுப்பேரையும் வடிவா எழுதித் தாங்க மாஸ்டர். மகள்ட உறுதியில மேற்கெல்லைக்கு வேணும்.”

மதிலில் அந்தக் கடுதாசியை வைத்து, என் பேரையும் என் தகப்பனார் பேரையும் எழுதிக் கொடுத்தேன்.